தொரெல் வீட்டு எல்டர்பெர்ரி

காலையில் எழுந்ததும் ருக்சாந்தா முதலில் பார்ப்பது தன் செடிகளை அல்ல, பக்கத்து வீட்டுச் செடியை. வேலி மேல் மோவாயை வைத்து, "என்னடா, பூக்குற எண்ணம் உண்டா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள்.

எங்கள் மெதியாஷ் ஊரில் மலைப்பாதை பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். பயணிகள் யாராவது சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பினால் நடுவழியில் பஸ்ஸை நிறுத்துவாள். "குருவிங்களுக்கு டிக்கெட் கெடையாது. எறங்கு!"

அவள் தோட்டத்தில், வெள்ளையாய்ப் பூத்துக் கறுப்பாய்ப் பழுக்கும் எல்டர்பெர்ரிப் புதர்கள் மூன்று உண்டு. மூன்றும் ஒரே புதரின் குச்சியை ஒடித்து நட்டவை; தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டால் காய் சொற்பமாகத்தான் பிடிக்கும். வேறு வகைப் புதர் ஒன்று அருகில் பூத்தால் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அது இருப்பது பக்கத்துத் தொரெல் வீட்டில். தொரெல் கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவன். அந்த டிரம்பெட்டை அவளுக்குப் பிடிக்காது. "கழுதைக்குப் பல்வலி வந்தாப்ல இருக்கு" என்று பஸ்ஸிலேயே சொல்வாள்.

இந்த மே மாதம், மொட்டு விரியும் நேரத்தில் தொரெல் ரம்பத்தோடு வந்து அந்தப் புதரின் முன் நின்றான். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு ருக்சாந்தா ஓடிவந்தாள்.

"தம்பி, தம்பி! கைய வைக்காத! உன் வாசிப்பக் கேட்டுத்தான் அது இப்படித் தளதளன்னு நிக்குது!"

"போன வாரம் கழுதைன்னீங்க."

"அது போன வாரம். எனக்கு ஞானம் வர நாளாகாதா?"

தொரெல் ரம்பத்தால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "சரிக்கா. பூ உதிர்ற வரைக்கும் தெனம் சாயங்காலம் இங்கயே ஊதுறேன். நீங்க உக்காந்து கேக்கணும். நடுவுல எந்திரிச்சா ரம்பம்தான்."

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வேலியோரம் முக்காலியில் உட்காருவாள். முதல் வாரம் காதில் பஞ்சு. தொரெல் கண்டுபிடித்து எடுக்கச் சொன்னான். இரண்டாம் வாரம் பற்களைக் கடித்துக்கொண்டு கைதட்டினாள். மூன்றாம் வாரம் திடீரென்று குறுக்கிட்டாள்.

"டேய், நேத்து அந்த மெதுவான பாட்டுல, நடுவுல ஒரு எடத்துல நிறுத்தி மூச்சு விட்டியே. இன்னிக்கு ஏன் முழுங்கிட்ட?"

தொரெல் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து அவளையே பார்த்தான். பிறகு அந்த இடத்தைத் திரும்ப வாசித்தான், மூச்சு விட்டு.

ஜூன் நடுவில் ஒரு மழை அடித்து, தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மறுநாள் சாயங்காலம் தொரெல் வெறுங்கையோடு வேலிக்கு வந்தான்.

"பூவெல்லாம் உதிர்ந்தாச்சுக்கா. காய் பிடிச்சிருச்சு. புதர வெட்ட மாட்டேன், காரு தெருவுலயே நிக்கட்டும். உங்களுக்கு விடுதலை."

ருக்சாந்தா முக்காலியை விட்டு எழவில்லை. வேலி தாண்டி வந்த ஒரு கிளையை எட்டி வளைத்து, அதன் நுனியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"யார்றா சொன்னது? இதுல இன்னும் ஒரு பூ இருக்கு. போய் எடுத்துட்டு வா, அந்த மெதுவானத ஊது."

அவள் விரலிடுக்கில் பச்சைக் காய்கள்தான் பிதுங்கிக்கொண்டிருந்தன. தொரெல் அவற்றைப் பார்த்தான். கையை இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.