என் பிள்ளையை அளந்த ராஜேஸ்

பிலிமத்தலாவையில் என் மகள் சுகந்தி கேக் செய்து விற்கிறாள். அன்று அவளுக்கு உதவியாகக் கேக் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ராஜேஸ்வரியின் மகள் நளினி போனில் கூப்பிட்டாள். "பெரியம்மா, அம்மா காலையில போயிட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். கையில் இருந்த பெட்டியை மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

மஹய்யாவையில் ராஜேஸ்வரியின் தையல் கடையில் தைத்த பள்ளிச் சீருடையைப் போட்டவர்கள், இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அந்தக் கடையின் இரண்டாவது மிஷினில் பதினெட்டு வருடம் இருந்தவள் நான். அவளைவிட மூன்று வயது மூத்தவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை முதலாளியம்மா என்பேன். "வாய் நிறைய முதலாளியம்மாங்கிறீங்க, பட்டன் தைங்கன்னா மட்டும் மூஞ்சியத் தூக்கிக்கிறீங்க" என்பாள்.

அவள் கணவர் லொறி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கடையின் பின் அறைதான் வீடு. இளையவன் கைப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே அவனைப் படுக்க வைத்திருப்பாள். மிஷின் ஓடினால் தூங்குவான், நின்றால் அழுவான். துணி கொடுக்க வந்த ஒரு அம்மா, "புள்ளைய இப்படியா தூசிக்குள்ள போட்டு வைக்கிறது?" என்று கேட்டார். ராஜேஸ் தலை நிமிராமல், "வேற என்னங்க செய்ய, தூக்கி ஆணியில மாட்டவா?" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் போனதும் ராஜேஸ் பிள்ளையைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வேடிக்கையாகப் பதில் சொன்னாளே தவிர, அந்தக் கேள்வி நாலு நாள் அவளுக்குள் கிடந்தது.

டிசம்பர் வந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. அரசாங்கம் கொடுக்கும் வெள்ளைத் துணியோடு தாய்மார் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். ராஜேஸ் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தித் தானே அளப்பாள். நான் அளவுக் கொப்பியில் எழுதுவேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளானாலும் இலக்கத்தில் பிழை விடமாட்டேன். முழங்காலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து, "வருசம் முடியிறதுக்குள்ள இவ்வளவு வளரணும், சரியா?" என்று ராஜேஸ் கேட்பாள். பிள்ளைகளும் வளர்ந்து காட்டுவதாக வாக்குக் கொடுப்பார்கள்.

நளினி ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த வருடம் அது. வெளியார் சீருடையெல்லாம் தைத்துக் கொடுத்த பிறகு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல்நாள் மாலைதான் மகளின் துணியை எடுத்தாள். நளினி பக்கத்து வீட்டில் இருந்தாள். "கொப்பியில அவ அளவு இருக்குதானே அக்கா, படிங்க" என்றாள் ராஜேஸ். நான் போன வருட அளவைப் படித்தேன். அவள் மூன்று விரல் கூட்டி வெட்டினாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் நளினி புதுச் சீருடையோடு வந்து நின்றாள். கவுன் முழங்காலுக்கு மேலே நின்றது. தோள் இறுகிக் கையைத் தூக்க முடியவில்லை.

"எல்லாப் புள்ளையையும் தொட்டு அளந்தீங்க. என்னைய மட்டும் கொப்பியில பாத்தீங்க" என்றாள். சத்தம் போடவில்லை.

அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ராஜேஸ் கடைக் கதவைச் சாத்தினாள். "பெத்த புள்ள வளந்தது கண்ணுக்குத் தெரியல. நான் எதுக்கு ஊர்ப் புள்ளைங்களை அளக்கணும்? கடைய மூடிருவோம் அக்கா" என்றாள். அந்தக் கடையை நம்பித்தான் என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஆனாலும் மூடாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அளவைப் படித்தவள் நான்தானே.

ராஜேஸ் மிஞ்சிய வெள்ளைத் துணியைத் தேடி எடுத்துக்கொண்டு, அளவு நாடாவோடு மகளிடம் போனாள். "நீங்க வேணாம், நானே அளந்துக்கிறேன்" என்று நளினி நாடாவை வாங்கிக்கொண்டாள். இடுப்பை அளந்தாள். நீளத்தை அளந்தாள். தோளை அளக்க நாடாவை முதுகுக்குப் பின்னால் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முடியவில்லை. ராஜேஸ் அவள் கிட்டே போகாமல் நின்றாள். கடைசியில் நளினி ஒரு நுனியைத் தோளில் வைத்துக்கொண்டு, "மத்தப் பக்கத்தப் பிடிங்க" என்றாள். அளந்து முடித்தார்கள். பிறகு நளினி சொன்னாள்: "கடைய மூடுறதுன்னா மூடுங்க. எனக்காக மூடினேன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்புறம் அதையும் நான்தான் தூக்கிட்டுத் திரியணும்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

கடையை மூடவில்லை. மறுநாள் நளினி அளவான சீருடையில் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, ராஜேஸ் என்னிடம் ஒரு ஏற்பாடு சொன்னாள். "இனிமே என் புள்ளைங்கள நீங்க அளங்க, உங்க புள்ளைய நான் அளக்கிறேன். தினமும் பாக்கிற கண்ணுக்கு வளர்றது தெரியாது." அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியார் துணியைத் தொடுமுன் அதைத்தான் செய்தோம். அளக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள். தாயிடம் சொல்லாததெல்லாம் வெளியே வரும்.

ஒரு டிசம்பரில் ராஜேஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள். "சுகந்தி இடுப்பு போன வருசத்த விடக் குறைஞ்சிருக்கு. கட்டிக் குடுக்கிற சோத்தத் திங்கிறதில்லயாம். திட்டாம கேளுங்க." கேட்டேன். கணக்குப் பாடத்துக்குப் பயந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. என் கண்ணெதிரேயே நடந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்றேன். "நீங்க வெக்கப்பட்டா புள்ளைக்கு வயிறு நிறையுமா? நம்ம கண்ணு பத்தலன்னா இன்னொரு கண்ணக் கேட்டு வாங்கிக்கணும்" என்றாள்.

ராஜேஸின் சாவு வீட்டில் கூட்டம். நளினி இப்போது நாவலப்பிட்டியில் ஆசிரியை. வந்தவர்களிடமெல்லாம், "அம்மா உங்களையும் அளந்திருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் பழைய மனத்தாங்கல் இல்லை. பெருமைதான் இருந்தது.

சுகந்திக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தவன். அதைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியாது. அவன் மேடையில் நின்ற நேரம், சுகந்தி ஒரு கலியாணக் கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்து நினைத்து அழுதாள். நான் மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறிக் கிழமைக்கு இரண்டு நாள்தான் வர முடிகிறது. பக்கத்தில் போன் கடை நடத்தும் மாலனிக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளிடம் கேளேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். "எப்படிம்மா கேக்கிறது, என்ன நினைப்பாங்க" என்று தட்டிக்கழித்து வந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் நானே மாலனியின் கடைக்குப் போனேன். ஒரு நாள் அவள் பிள்ளைகளைச் சுகந்தி பார்த்துக்கொள்வாள், ஒரு நாள் சுகந்தியின் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். மாலனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதையே கேட்கத் தானும் ஒரு வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

போன திங்கட்கிழமை மாலனியின் சின்ன மகள் சுகந்தியின் மேசையில் வீட்டுப்பாடம் எழுதினாளாம். புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்து வாசிக்கிறாள், டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள் என்று சுகந்தி அவள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு இப்போது கண்ணாடி போட்டாகிவிட்டது. ராஜேஸ் என்னிடம் விட்டுப்போனது, இன்னொருத்தியிடம் போய்க் கேட்கக் கூசாத இந்த வாய்தான். என் மூச்சு இருக்கும்வரை அதை வைத்துக்கொள்வேன்.