நாற்பது தூளும் மூவாயிரம் காரணமும்

சரிதா பிறந்தது நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். அம்மா கருப்பம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். இன்று சரிதா ஊட்டியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். அளக்கிற பொருள் கொஞ்சம், ஒவ்வொன்றிலும் அளந்த விவரமோ ஆயிரக்கணக்கில் என்று இருக்கும் தரவுகள்தான் அவருடைய ஆராய்ச்சி. உயர்பரிமாணத் தரவு என்பார்கள்.

2021இல் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி மேனேஜர் மாரப்பன் அவரைத் தேடி வந்தார்.

"ஏனுங்க மேடம், தூளுல என்ன இருந்தா வாசம் தூக்குமுங்க?"

ஃபேக்டரியில் சுவை பார்ப்பவர் வாசத்துக்குப் போட்ட மதிப்பெண்ணோடு நாற்பது மாதிரிகள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் மூவாயிரம் வேதிப்பொருள்களை லேபில் அளந்தார்கள். ஒன்றரை ஆண்டு உழைப்பில் கம்ப்யூட்டர் ஐந்தைப் பொறுக்கியது. அவற்றை மட்டும் வைத்து எந்தத் தூள் மணக்கும் என்று சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக வந்தது. மாரப்பன் ஃபேக்டரியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கோவைக் கருத்தரங்கில் பேசச் சரிதாவுக்கு அழைப்பு வந்தது.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆய்வு மாணவி ஸ்டெபி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், அந்த அஞ்சுல ஒண்ணு டீயிலயே இருக்காதாம். கவர் ஒட்டுற பசையில இருந்து வந்திருக்கும்னு லேப்ல சொல்றாங்க."

சரிதா உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அர்த்தமே இல்லாத எண்களால் அட்டவணையில் இன்னும் மூவாயிரம் பத்திகளை நிரப்பி, உண்மையானவற்றோடு கலந்தார். போலிகளுக்கு ஸ்டெபி வாய்க்கு வந்த பெயரெல்லாம் வைத்தாள். கம்ப்யூட்டர் இம்முறை ஆறைப் பொறுக்கியது. அதில் மூன்று போலி. முதலிடத்தில், ஊட்டியில் டீக்குத் தொட்டுக்கொள்ளும் 'வர்க்கி'!

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் சரிதா குன்னூருக்குப் புறப்பட்டார்.

"ஆயிரம் பேருகிட்ட குறி கேட்டா ஒருத்தன் சொன்னது பலிக்கத்தானே செய்யும்? நம்ம முடிவும் அப்படித்தாங்க," என்றார் மாரப்பனிடம்.

மாரப்பன் முகம் வாடியது. "அத்தனை தூளும் வீணாப் போச்சுங்களா?"

"வீணில்லீங்க, பத்தலீங்க. இன்னும் நானூறு வேணும்."

"நானூறா!" என்று தலையில் கை வைத்தவர், மறு மாதமே கூடலூர் வரை அலைந்து சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

கோவையில் சரிதா தன் தவற்றையே பேசினார். வர்க்கி வந்த இடத்தில் அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. போலிகளை வெல்கிற பொருளை மட்டும் நம்புவது என்ற அவருடைய முறையைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் பலர்.

நானூறு மாதிரிகளும் சேர்ந்தபோது இரண்டே பொருள்கள் மிஞ்சின. புதிதாக ஐம்பது தூள்களை, எது எதுவென்று சொல்லாமல், சுவை பார்ப்பவரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். நாற்பத்தொன்றில் கணிப்பும் அவர் சொன்னதும் ஒத்துப்போயின, அதாவது நூற்றுக்கு எண்பத்திரண்டு. பழைய தொண்ணூற்றைந்தை விடக் குறைவுதான். ஆனால் இது கம்ப்யூட்டர் முன்பின் பார்க்காத தூளில் பலித்தது; அன்று சரிதா கல்லூரி வராந்தாவில் ஏறக்குறைய ஓடினார்.

சென்ற ஆண்டு கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்களாக மூன்று பெயர்கள்: சரிதா, ஸ்டெபி, மாரப்பன். முதல் பக்கத்தை மாரப்பன் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார்.

"படிச்சீங்களா?" என்று கேட்டார் சரிதா.

"ஒரு எழவும் புரியலீங்க. எம்பேரு மட்டும் தப்பில்லாம இருக்குதுங்க."