வான்கோழியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்

என் அப்பா யாகோவ் வுலேத்திச், ஐரோப்பாவின் டால்மேஷியாவிலிருந்து நியூசிலாந்துக்குப் பிசின் தோண்ட வந்தவர். சதுப்பு நிலத்தில் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு, நீண்ட இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். என்றோ விழுந்து புதைந்துபோன மரங்களின் பிசின் கட்டி தட்டுப்பட்டால் தோண்டி எடுப்பார். அதைக் கில்ராய் கடையில் எடை போட்டு விற்பார். எங்கள் ஊரான டோட்டரா துறையில் யாருக்கும் அவருடைய முழுப் பெயர் வாயில் நுழையாது. எல்லோருக்கும் அவர் ஜேக். ஒரு கோடையில் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு உயர்நிலை வகுப்பு வரப்போகிறது என்றார்கள். அதுவரை பதிமூன்று வயதோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் நீராவிப் படகில் ஆக்லாந்து போய் விடுதியில் தங்க வேண்டும். அது டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முடியும். இரண்டு அறை கட்டும் செலவில் பாதியை ஊர் சேர்த்தால் மீதியை அரசு தரும், ஆசிரியரையும் அனுப்பும் என்று கடிதம் வந்தது. எனக்கு அப்போது பதிமூன்று முடியப்போகிறது. அந்த அறைகள் எழும்பினால் நான் படிப்பேன், இல்லாவிட்டால் தையல் வேலைக்குப் போவேன்.

எங்கள் ஊரில் கோடையில் வரும் கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை ஊர் மன்றத்தில் நிதிக்காக ஏலம் நடந்தது. கேக், ஜாம், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, கடைசியாக ஒரு வான்கோழி. கில்ராய்தான் ஏலம் விட்டார். அப்பா பிசின் வயலிலிருந்து நேராக, சேற்றுக் காலணியோடு, வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு, தாமதமாக வந்தார். வான்கோழியைப் பார்த்தார். கையைத் தூக்கினார். பன்னிரண்டு ஷில்லிங். எங்கள் ஒரு வார வருமானத்தில் பெரும்பங்கு அது. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பறவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். மன்றம் சட்டென்று அமைதியானது. மரியாதைக்காக என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸன்று அம்மா அதைப் பூண்டு வைத்துச் சுட்டாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்த தோண்டுகாரர்களையும் அப்பா கூப்பிட்டார்.

"ஸ்கூலுக்கும் குடுத்தாச்சு, நம்ம வயித்துக்கும் வந்தாச்சு," என்று ஒயின் குவளையை உயர்த்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

பண்டிகை முடிந்து பிசின் மூட்டையோடு கில்ராய் கடைக்குப் போனோம். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் எப்போதும் என்னைக் கூட்டிப் போவார்.

"என்ன ஜேக், நம்ம வான்கோழி எப்படி இருக்கு?" என்றார் கில்ராய்.

அது அப்பாவுக்குப் புரிந்தது. "நல்லா இருந்துச்சு. சாப்ட்டோம்."

கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் பண்ணை மேனேஜர் டன்ஸ்டன் சிரிப்பு தாங்காமல் தராசைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்ட்டுட்டியா!" என்றார் கில்ராய். "அட மனுஷா, அது இன்னும் பத்து கை மாற வேண்டியதுப்பா! வாங்குறவன் திருப்பிக் குடுப்பான், நான் மறுபடி ஏலம் விடுவேன். நீ வர்றதுக்கு முன்னாடியே அதை மூணு தடவை வித்தாச்சு. ஸ்கூல் கூரையில பாதி உன் வயித்துலதான் இருக்கு, போ!"

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னடி சொல்றாரு?"

நான் எங்கள் மொழியில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். கூரையையும் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்தார். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்போல இருக்குப்பா."

"பாதிரியாருக்கு?"

"அவரும் அன்னிக்கு அங்கதான் இருந்தாரு."

அதற்குப் பிறகு அவர் வான்கோழி ஜேக் ஆனார். தெருவில் போனால் பையன்கள் பின்னாலிருந்து வான்கோழி போலக் கத்துவார்கள். அப்பா ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தினார். பிசின் விற்க என்னையும் அம்மாவையும் அனுப்பினார். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே என்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னார்: "தோன்கா அந்த ஸ்கூலுக்குப் போக வேண்டாம். அவளையும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"வாங்கிட்டு வந்தது நீங்க, தின்னது நாம எல்லாரும்," என்றாள் அம்மா. "பட்டினி மட்டும் அவளுக்கா?"

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். நான் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

எப்படியோ பணம் சேர்ந்து அறைகள் எழும்பின. பெஞ்சுக்கும் மேசைக்கும்தான் போதவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை இன்னொரு ஏலம் வைத்தார்கள். அன்று காலையிலேயே அப்பா படகில் அக்கரைப் பண்ணைக்குப் போனார். திரும்பும்போது கால் கட்டிய வான்கோழி ஒன்று அவர் தோளில் தொங்கியது. முன்னதைவிடப் பெரியது. "வா," என்றார் என்னிடம்.

மன்றத்தில் நேராக மேடைக்குப் போய்ப் பறவையை மேசைமேல் வைத்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஆங்கிலத்தில், "தின்னதுக்கு இது," என்றார். பிறகு பின்னால் வந்து கதவோரம் நின்றுகொண்டார். கழுத்து சிவந்திருந்தது.

கில்ராய் ஏலம் விட்டார். டாக்டர் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பாதிரியார் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். மேசைமேல் இருந்த பறவை எல்லாவற்றையும் அசிங்கப்படுத்திக்கொண்டிருந்தது. வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் ஒரு முறை வாங்கி முடித்தபின் அது டன்ஸ்டனிடம் வந்தது.

"நானும் திருப்பிக் குடுக்கறேன்," என்றார் அவர்.

"போதும்பா, இனி ஆளில்ல. நீயே எடுத்துட்டுப் போ," என்றார் கில்ராய்.

"நானா? நான் மாட்டேன்."

"யாராவது கொண்டுபோய்த்தான் ஆகணும். டாக்டர்?"

டாக்டர் தன் காலணியைப் பார்த்தார். பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். அத்தனை நாள் சிரித்தவர்களில் ஒருவருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டத் தைரியம் இல்லை. கில்ராய் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அஞ்சு ஷில்லிங்," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "நான் கொண்டுபோறேன். எனக்கு வழி தெரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மேடைக்குப் போய்ப் பணத்தை வைத்தார். கில்ராய் அவர் முகத்தைப் பார்க்காமலே பறவையை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் வெளியே வந்தோம். பாதி வழியில் அப்பா பறவையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"திங்கட்கிழமைக்குச் சட்டையைத் துவைச்சு வெச்சியா?" என்றார் பிறகு.

அந்த வான்கோழியை நாங்கள் வெட்டவில்லை. அது கிழடாகிச் செத்தது. வான்கோழி ஜேக் என்று அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தப் பேர் மறைந்த பிறகும் அப்பாவின் வெட்கம் போகவில்லை. நான் படித்த வருடங்களில் அவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. போன மாதம் என் கடைசிப் பரிசளிப்பு விழா. பெயர் கூப்பிட்டு மேடை ஏறியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றிருந்தார்.

முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்: "ஏம்ப்பா, இன்னிக்காவது உள்ள வரக்கூடாதா?"

"வேண்டாம்மா," என்றார். "உள்ள வந்தா எதையாவது வாங்கிடுவேன்."