மூன்றாவது வீடு

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு கேக் வெட்டினார்கள். பிறந்தநாள் கேக் இல்லை. கலியாணக் கேக்கும் இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்க்கிற கேக்!

உங்களில் பாதிப் பேர் இதை ஃபோனில் பார்த்திருப்பீர்கள். வெளியில் வெள்ளைக் கிறீம். உள்ளே நீலம் என்றால் ஆண், ரோஸ் என்றால் பெண். வெட்டினதும் எல்லோரும் கைதட்டி, கட்டிப்பிடித்து, இரண்டு சொட்டுக் கண்ணீரும் விடவேண்டும். கனடாவில் அப்படித்தானாம்.

கனடாவில் இருப்பது தர்சினியின் மச்சாள். அதாவது புருஷன் ரூபனின் அக்கா. தர்சினி என் பக்கத்து வீட்டுக்காரி. முதல் இரண்டும் பெண் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். (பெயர்கள் நான் வைத்தவை. எழுதச் சொன்னதே அவள்தான், ஆளைக் காட்டாமல் எழுதுங்கோ என்றாள். ஆகவே ஒழுங்கையைத் தேடிக்கொண்டு வராதீர்கள்.)

மச்சாள்தான் காசு அனுப்பி, இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வைத்தாள். பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு ஏதும் இருக்கக்கூடுமா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை அது. நல்ல சோதனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலேயே ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். மச்சாளுக்குக் குறைபாட்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவளுக்கு வேண்டியது கலர். முடிவு நேரே அவளுடைய ஃபோனுக்குப் போய், அங்கிருந்து கிண்ணியாவில் கேக் செய்து விற்கிற ஒரு பெண்ணுக்கு வந்தது. இங்கே வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

பின்னேரம் வளவில் கதிரை போட்டு, பலூன் கட்டி, மச்சாளை வீடியோ கோலில் எடுத்து வைத்தார்கள். தர்சினியும் ரூபனும் சேர்ந்து கத்தியைப் பிடித்தார்கள்.

ரோஸ்.

கனடாவில் கைதட்டினார்கள். இங்கே ரூபனின் தாய் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்றா. ரூபன் சிரித்தான்... ஃபோனுக்காக. பிறகு மெல்ல எழும்பிப் பின்வளவுக்குப் போய்விட்டான்.

பின்வளவில் என்ன இருக்கிறது? மூத்தவளுக்கான வீடு. கதவு ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில், கூரை இல்லாமல் அப்படியே நிற்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை என்றால் வீடு. கலியாணம் பேச வருகிறவர்கள் பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று பிறகு கேட்பார்கள், வீடு இருக்கா என்று முதலில் கேட்பார்கள். தர்சினி இருப்பதும் அவளுடைய அப்பா திரியாயில் வயலை விற்றுக் கட்டிக்கொடுத்த சீதன வீட்டில்தான். ரூபனோ மேசன். சீனன்குடா, நிலாவெளி என்று போய் ஊரார் பிள்ளைகளுக்கு வீடு கட்டுகிறவன். ஒரு வீட்டுக்கு என்ன போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த ரோஸ் கலரில் அவன் கண்டது மூன்றாவது அத்திவாரத்தை.

அவன் கொடியவனா? அதுதான் எனக்கு ஆத்திரம்! கொடியவன் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டு இந்தப் பத்தியை இத்தோடு முடித்திருப்பேன். வேலை முடிந்து வந்தால் இரண்டு பெட்டைகளும் ஓடிப்போய் அவன் தோளில் தொங்குவார்கள். சின்னவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவதும் அவன்தான். அப்படிப்பட்டவன்தான் யாரையோ பிடித்து, கருவைக் கலைக்கிற குளிசை வாங்கிக்கொண்டு வந்தான். எங்கே வாங்கினான் என்று எழுதமாட்டேன். அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே இதை வாசிக்கிறவர்களும் இருப்பார்கள்.

தர்சினி வேண்டாம் என்று சொல்லவில்லையா? சொன்னாளாம். அழுதாளாம். ரூபன் சாப்பிடாமல் இருந்தானாம். மாமி கதைக்காமல் இருந்தாவாம். அடி இல்லை, ஏச்சு இல்லை... வீடு முழுக்க அமைதி. எத்தனை நாளைக்குத் தாங்குவாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். மாமி மதிலால் எட்டி, பழைய சீலை இருந்தால் ரெண்டு தா பிள்ளை என்றா. எதற்கு என்று கேட்டேன். தர்சினிக்கு இரத்தம் கொஞ்சம் கூடப் போகுதாம்.

மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கொஞ்சமா அது? கட்டில் நனைந்து நிலத்துக்கு வந்திருந்தது. விடியலிலிருந்து போகிறதாம். இவர்கள் மாறி மாறிச் சீலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அவளுடைய உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி. கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், மூடினாள்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கத்தினேன். ரூபன் வாசற்படியில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தான். மாமிதான் பதில் சொன்னா.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமாம், பிள்ளை."

"பொலிஸ் வந்தால் வரட்டும் மாமி. செத்தவீட்டுக்கு ஐயர் வாறதைவிடப் பரவாயில்லை."

ஓட்டோ பிடித்து, என் மடியில் தலையை வைத்துக் கொண்டுபோனேன். உடனே உள்ளுக்கு எடுத்தார்கள். இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் மிஞ்சியிராது என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். வாங்கிக்கொண்டேன். யாராவது ஒருத்தர் வாங்கத்தானே வேண்டும்?

வாட்டுக்கு வெளியே இருந்து, எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணிக்கு ஃபோன் எடுத்தேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், பிறக்கமுதல் ஆணா பெண்ணா என்று சொன்னாலே குற்றமாம். ஸ்கான் எடுக்கிற இடத்தில் போர்ட் தொங்குமாம். இங்கே அப்படித் தனியாக ஒரு சட்டம் இல்லையாம். கேட்கலாம், சொல்லலாம், கேக்கும் வெட்டலாம். ஆனால் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றில்லாமல் கருவைக் கலைத்தால் குற்றம். கலைத்துக்கொண்டவளுக்கும் சேர்த்து.

எப்படி இருக்கிறது? வாயைத் திறக்கிற இடத்தில் சட்டம் இல்லை. இரத்தம் போகிற இடத்தில் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் விடியலிலிருந்து மத்தியானம்வரை சீலை மாற்றினார்கள்.

வாயைக் கட்ட ஒரு சட்டம் இருந்திருந்தால்? ஒரு சட்டத்தால் சீதனம் ஒழிந்துவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் தர்சினிக்கு மாதம் ஏறியிருக்கும், வலி வந்திருக்கும், நேர்ஸ் பிள்ளையைச் சுற்றி ரூபனின் கையில் கொடுத்திருப்பா. கையில் வாங்கின பிறகு அவன் அத்திவாரத்தையா நினைத்திருப்பான்? அவனை எனக்குத் தெரியும். அந்த மூன்றாவதுக்கும் அவன்தான் தலை பின்னியிருப்பான். 

அடுத்த நாள் பொலிஸில் இருந்து வாக்குமூலம் எடுக்க வந்தார்கள். தர்சினி தலையணையில் சாய்ந்திருந்தாள். ரூபன் கால்மாட்டில், கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் கேட்டார். குளிசை யார் தந்தது?

"ஒருத்தரும் தரேல்லை. நானே வாங்கிக் குடிச்சனான்."

நான் ரூபனைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறப்பான், இப்போது திறப்பான் என்று பார்த்தேன். அவன் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான்.

எல்லோரும் போன பிறகு கட்டில் ஓரமாக இருந்துகொண்டு அவளுடைய கையைப் பிடித்தேன். ஏனடி பொய் சொன்னனி என்று கேட்டேன். அவளுக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவரை உள்ளுக்குப் போட்டால், மற்ற ரெண்டுக்கும் வீடு ஆர் அக்கா கட்டுறது?"

எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். வழக்கையும் அப்படியே எழுதிவிட்டார்கள்.