பெட்டி பேசக் கூடாது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது என் பட்டறையில், பட்டப்பகலில், சரியாக 3.22க்கு நடந்தது.

ஸ்பீக்கர் பெட்டி செய்வது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒரே சட்டம்தான்: பெட்டி பேசக் கூடாது. ஸ்பீக்கர் மட்டும்தான் பேச வேண்டும். பலகை மெலிசாக இருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். பாடுகிறவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருக்கும். அதனால்தான் தடித்த பலகை, குறுக்குக் கட்டை, உள்ளே பஞ்சு, காற்றுப் போகாதபடி பசை. முடித்ததும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பேன். ‘டொம்ம்’ என்றால் பிரித்துவிடுவேன். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் நல்ல பெட்டி.

அன்று இரண்டு பெட்டிகள். ஒன்று இடுப்பு உயரம். இன்னொன்று ஒரு முழம்தான்; பழைய மரக்கடையில் வாங்கிய அலமாரிக் கதவை அறுத்துச் செய்தது. கெட்டி மரம். ஒரு பக்கம் மட்டும் நீள நீளமாகக் கீறல். எலி வேலை என்று நினைத்தேன். பெட்டிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? கீறலை உள்பக்கம் திருப்பிவிட்டேன்.

“பெரிய பெட்டிக்குப் பஞ்சு போட்டாச்சு மாமா,” என்றான் மச்சினன்.

சாப்பிட்டுவிட்டு வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், 2.15க்குப் பின்பலகையை வைத்து முடுக்கினேன். பிறகு சின்னதையும் மூடினேன்.

3.20க்கு மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“பாப்பா உங்ககூடத்தானே இருக்கா?”

“இல்லையே. உள்ள தூங்கலையா?”

எங்களுக்கு ஒரே மகள். ஐந்து வயது. மனைவி தெருவுக்கு ஓடினாள். மச்சினனும் ஓடினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

3.22.

டொக்... டொக்... டொக்...

சின்னப் பெட்டி. வயரே இணைக்காத பெட்டி.

காதை வைத்தேன். உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்...

திருகாணிகளைக் கழற்றினேன். வெறும் பஞ்சு.

அதற்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல். என் மகள் குரல் இல்லை.

“இங்க இல்ல... பெரிய பெட்டி...”

கடப்பாரையால் பெயர்த்தேன். பஞ்சை வாரி எறிந்தேன்.

என் மகள்.

உதடெல்லாம் நீலம்...

தூக்கினேன். உலுக்கினேன்.

இருமினாள்.

அப்போதுதான் எனக்கும் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், “எவ்வளவு நேரம்டா தட்டின?”

“நான் தட்டலப்பா. பஞ்சு மெத்துனு இருந்துச்சு... தூங்கிட்டேன்.”

இரண்டு நாள் கழித்து மரக்கடைக்குப் போனேன். கதவைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒரு பொண்ணு ஒளிஞ்சு விளையாடப் போயி, அந்த அலமாரிக்குள்ள மாட்டிக்கிச்சு. வீட்ல எல்லாரும் தெருத்தெருவா தேடிருக்காங்க. பாவம், அது உள்ள தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கும். கெட்டி மரம் பாருங்க... சத்தம் வெளிய வரல.”

அந்தச் சின்னப் பெட்டி இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. அதன் பின்பலகையை நான் மூடவே இல்லை.