குந்திவிட்ட மாப்பிள்ளைக் கார்

தென்காசி மசூதுக்கு ஒரு கெட்ட பழக்கம், யார் என்ன கேட்டாலும் சரி என்று தலையாட்டிவிடுவான். குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த எஸ்டேட் முதலாளி ஒருவருக்கு அவன் டிரைவர். வாப்பா மௌத்தான பிறகு தங்கை ரஹ்மத்துன்னிசாவுக்கு அவன்தான் எல்லாம். நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளையின் மாமா அகமது கபீர், "மாப்பிள்ளைய ஒங்க மொதலாளி கார்ல கூட்டிட்டு வருவியா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் தலை ஆடிவிட்டது. நல்ல காலம், முதலாளியும் மறுக்கவில்லை.

அது 1959. அமெரிக்கக் கார். சக்கரங்களுக்கு மேலே பட்டை ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள்தான். பின்பக்கம் தாழ்ந்தால் அச்சோடு இணைந்த ஒரு மெல்லிய கம்பி வால்வைத் திறந்து காற்றை ஏற்றும், உயர்ந்தால் வெளியேற்றும். கம்பியிலுள்ள நட்டைத் திருகினால் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பின்சீட்டில் மாப்பிள்ளையோடு ஒரு பட்டாளமே ஏறும் என்று தெரிந்துதான் மசூது காலையிலேயே இரண்டு விரல் கூட்டி வைத்தான்.

கடைசியில் மேலகரம் ஆவுடையப்பன் பூ ஜோடிக்க வந்தார். மல்லிகைச் சரங்களைப் பின் பம்பரிலிருந்து தொங்கவிட்டு, காற்றில் ஆடாதிருக்க அடியில் கைக்கு அகப்பட்டதோடெல்லாம் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார். மசூது குனிந்து பார்க்கவில்லை. பாவி, பார்த்திருக்கலாம்.

அஸர் தொழுதுவிட்டு மாப்பிள்ளை ஏறினார். தஃப் முழங்கியது. கார் பத்தடி நகர்வதற்குள் பின்பக்கம் தரையில் குந்திவிட்டது.

"மாமா, கொஞ்சம் பொறுங்க. ஏத்திருதேன்."

எல்லாரையும் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டுச் சாரல் ஈரத்தில் படுத்தான். தலை நுழைய இடமில்லை. பூவை விலக்கிக் கையை மட்டும் விட்டுத் தடவித் தடவி நட்டைத் திருகினான். எழவில்லை. இன்னும் திருகினான். அல்லாவே என்று வாய்விட்டுச் சொன்னான். தெருவே சிரித்தது.

"எந்திலே," என்றார் அகமது கபீர். "மாப்பிள்ளைய நடத்தியே கூட்டிட்டுப் போறோம். ஒன் தங்கச்சி எங்க வீட்டுல இருக்க காலமெல்லாம் இந்தப் பேச்சக் கேக்கணும்லா, அதையும் நெனச்சுக்கோ."

மசூது ஈரச் சட்டையோடு எழுந்தான். திட்டினால் அவனைத் திட்டட்டும், அவள் என்ன செய்தாள்? ஊர்வலம் நடந்தே போனது.

ஆத்திரம் தாங்காமல் மல்லிகைச் சரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அடியிலிருந்து முடிச்சோடு அறுந்து வந்தது. ஆவுடையப்பன் கட்டிய கயிறு அந்த மெல்லிய கம்பியையும் அச்சோடு சேர்த்து வளைத்து, காற்றையெல்லாம் வெளியேற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

உஸ்ஸென்று காற்று ஏறியது. ஆளில்லாத தெருவில் பின்பக்கம் மெள்ள எழுந்து, அவன் திருகிய திருகுக்கெல்லாம் சேர்த்து, காலையில் அவன் வைத்த உயரத்தையும் தாண்டி நின்றது. மசூது அறுந்த பூவோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தஃப் சத்தம் அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.