உயரம் பார்த்து நிறுத்திய வரிசை

அரேஞ்ச் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தில், எல்லாரையும் கொஞ்சம் அரேஞ்ச் பண்ணி நிற்க வையுங்கள் என்று போட்டோ பிடிக்கிறவர் சொன்னதும் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டேன். என் கணவர் பின்னாலேயே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன். தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை என்று முப்பது தாண்டிய வயதில் யாரிடம் சொல்வது?

கிள்ளானில் எங்கள் வீட்டில் அந்தச் சொல் காதில் விழாத நாளே கிடையாது. லோரி ஓட்டிய அப்பா, நாளைக்கு லோட் அரேஞ்ச் ஆகிவிட்டது என்பார். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போன அம்மா, ஷிப்டை மாற்றி அரேஞ்ச் பண்ணிவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்வார். அலமாரியில் துணி அடுக்குவதும் அரேஞ்ச்தான், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடிப்பதும் அரேஞ்ச்தான். எங்களோடு இருந்த அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, பெண் பார்க்க அவ்வப்போது அரேஞ்ச் ஆகும். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்பார்கள். போன் வராது. எத்தனை விதமாகச் சொன்னாலும், அரேஞ்ச் பண்ணியாச்சு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பொருள்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் புதுக் கட்டடம் திறக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. தமிழ்ப் பேப்பரில் போட வந்து படம் எடுப்பார்கள் என்றார்கள். பன்னீரும் பூத்தட்டுமாக வாசலில் நின்று வரவேற்க, பரீட்சையில் நல்ல மார்க் எடுத்த பத்துப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. முன்னால் ஐந்து பேர், பின்னால் ஐந்து பேர், குட்டையானவர்கள் முன்னால் என்றார் டீச்சர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பத்துப் பேரில் என்னைவிடக் குட்டை ஒரே ஒருத்திதான். பேப்பரில் என் முகம் வரப்போகிறது என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்தேன். அத்தை தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். மயில் கழுத்து நிறத்தில் எனக்கொரு பட்டுப்பாவாடை தைத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு ஒத்திகைகள் நன்றாகத்தான் போயின. விழாவுக்கு முந்தின நாள் டீச்சர் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு என்னையும், என்னைவிடக் குட்டையான அந்த ஒருத்தியையும் தோளைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய் விட்டார். என் இடத்துக்கு மருந்துக்கடைக்காரர் மகள் வந்தாள். அவள் என்னைவிட நாலு விரல் உயரம். டீச்சர், அவள்தான் உயரம் என்று சொன்னேன்.

"நீ கொஞ்சம் வளந்துட்ட மா. அரேஞ்ச் பண்ணியாச்சு, பேசாம நில்லு."

வளர்ந்துவிட்டேனா? ஒரே வாரத்திலா? அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா! இடைவேளையில் மருந்துக்கடைக்காரர் மகளை முதுகோடு முதுகாக நிற்க வைத்து, இன்னொருத்தியை விட்டுத் தலைமேல் அடிக்கோல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்தான் குட்டை. சாட்சிக்கு நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னோடு பின்னால் தள்ளப்பட்டவளோ வாயே திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.

சாயங்காலம் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டேப்பை எடுத்து அளக்கச் சொல்லிச் சுவரோடு ஒட்டி நின்றேன். நூற்று இருபத்து மூன்று சென்டிமீட்டர். அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அத்தை எழுதவில்லை. முன்னால் நிற்பது யார் யார் என்று கேட்டார். சொன்னேன். பின்னால் அனுப்பியது யார் யாரை என்று கேட்டார். அதையும் சொன்னேன். டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் அத்தை நேராக டீச்சரிடம் போனார். நானும் கூடவே போய் நின்றேன்.

"டீச்சர், எதைப் பாத்து இப்படி அரேஞ்ச் பண்ணீங்க? உயரம்னா டேப் கொண்டாந்திருக்கேன், அளந்துடலாம். வேற ஏதாவதுன்னா அத வாய்விட்டுச் சொல்லுங்க."

டீச்சர் சிரித்தார். "ஒரு போட்டோதானே லா. பேப்பர்ல வருது, பாக்க எடுப்பா இருக்க வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அத்தை கைப்பையிலிருந்து டேப்பை எடுக்கவே இல்லை. வா, வீட்டுக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! இதற்காகவா லீவு போட்டு வந்தார்? அளந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்குமே. உங்களால்தான் எல்லாம் கெட்டது, நீங்கள் போங்கள் என்று கத்திவிட்டு, கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்ப் பின் வரிசையில் நின்றுகொண்டேன். அவர் போகவில்லை. கேட் ஓரமாக நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்தேன்.

பெரிய மனிதர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் குட்டை என்பதை இந்தப் படத்திலேயே காட்டிவிட்டால் என்ன? பேப்பரைப் பார்க்கிற ஊரே டீச்சரைக் கேட்கட்டும், இவ்வளவு குட்டைப் பிள்ளையை ஏன் பின்னால் நிறுத்தினீர்கள் என்று. பாவாடைக்குள் முழங்காலை மடக்கினேன். இன்னும் கொஞ்சம் மடக்கினேன். தொடை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பேப்பர் வந்ததும் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார். என் பிள்ளை எங்கே, என் பிள்ளை எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் மகளின் தோளுக்குப் பின்னால் ஒரு வகிடும் கொஞ்சம் கனகாம்பரமும் தெரிந்தன. அவ்வளவுதான் நான். அத்தையோடு மூன்று வாரம் பேசவில்லை.

அந்தப் படத்தை அத்தை வெட்டி வைத்திருந்தார். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தேன். முன்னால் நின்ற ஐந்து பேரும் நல்ல சிவப்பு. கறுப்பாக இருந்த அத்தனை பேரும் பின்னால். நான் அத்தையின் நிறம். நீங்களே சொல்லுங்கள் என்று டீச்சர் யாருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படித்த மனுஷி, பத்து வயதுப் பிள்ளையிடம் பச்சைப் பொய் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ!

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. உயரம் என்று சொன்னார்கள், உயரம் என்று நம்பினேன். தெரிந்திருந்தால் நிமிர்ந்தாவது நின்றிருப்பேன்.